கவரிங்கா, காலத்து நகையா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்களின் அகராதியில் அதிகம் அடிபடும் சொல் ‘அசல்’. எஞ்சின் அசல், இருக்கை அசல், டாஷ்போர்டு அசல். கார் எம்.ஜி.பி.யாக இருந்து, டாஷ்போர்டு பளபளக்கும் வால்நட் மரமாக இருந்தால், கடைசியில் சொன்னது உண்மையல்ல என்று போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1962 முதல் 1980 வரை வெளிவந்த 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி.களில் ஒன்றுக்குக்கூட இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலை மர டாஷ்போர்டு பொருத்தவில்லை. ஆரம்ப கால கார்களில் இருந்தது கறுப்புச் சுருக்க பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. அமெரிக்கச் சட்டங்களுக்காக 1968-க்குப் பிறகு அந்நாட்டுக்குப் போன கார்களில் மெத்தை வைத்த டாஷ்போர்டு வந்தது. மரம் வந்தது கடையிலிருந்து.

ஆனால் எந்தக் கடை, எந்த ஆண்டு? 1966-ல் காரின் முதல் சொந்தக்காரர் ஆசை ஆசையாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்பேனரோடு மல்லாடிப் பொருத்தியதா? அல்லது விற்பதற்கு முந்தைய மாதம் ஒட்டியதா? முன்னது வரலாறு. பின்னது ஒப்பனை. இரண்டும் ஒன்றல்ல என்பது விலையைக் கேட்கும்போதே தெரிந்துவிடும்.

நம் வீட்டு நகைப் பெட்டியை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். பிறந்த வீட்டில் போட்டு அனுப்பிய நகை ஒரு வகை. புகுந்த வீட்டில் வாங்கிச் சேர்த்தது இன்னொரு வகை. மூன்றாவது, கவரிங். காரில் தொழிற்சாலையே பொருத்தியது முதல் வகை. அந்தக் காலத்திலேயே வெளிக் கடைகளில் வாங்கிச் சேர்த்தது இரண்டாவது வகை. பிற்காலத்தில் செய்து, பழசு என்று தலையில் கட்டுவது மூன்றாவது. காரைப் புதுப்பிக்கிற பலர் முதல் வகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள். விற்பவர்களில் சிலர் மூன்றாவதை இரண்டாவதாகக் காட்டுகிறார்கள். நடுவில் நசுங்குவது அந்த இரண்டாவது வகைதான். அந்தக் காரை வாங்கியவர் யார், எப்படி ஓட்டினார், எதற்கு ஆசைப்பட்டார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இதைப் பேச இப்போது காரணம் இருக்கிறது. பழைய கார்களை இறக்குமதி செய்ய முன்பு 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. 2025-ல் அது ‘50 ஆண்டு கடந்தது’ என்று தளர்ந்தது. 1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த வாகனத்தை வின்டேஜ் என்று பதிவு செய்ய வழி செய்தன. அசல் வடிவம் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த விதி கவலைப்படுவது சேஸி, பாடி, எஞ்சின் மூன்றைப் பற்றித்தான். ஸ்டீயரிங் சக்கரத்தையோ ரேடியோவையோ அது தேடி வரவில்லை. ‘அசல் இல்லாவிட்டால் பதிவு கிடைக்காது’ என்று பயந்து 60 ஆண்டுப் பழைய துணைப் பொருட்களைக் கழற்றி எறிய வேண்டிய அவசியமே இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காகிதம். எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ‘ஹெரிடேஜ் சான்றிதழ்’ தருகிறது. கார் தயாரான தேதி, முதல் நிறம், எந்த நாட்டுக்குப் போனது, தொழிற்சாலையிலேயே சேர்த்த கூடுதல் சாதனங்கள் எவை என்பதெல்லாம் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். இதைப் பார்க்காமல் யாரும் எதையும் கழற்றக் கூடாது. ஏனென்றால் ‘கூடுதல்’ என்ற சொல்லின் எல்லை அன்று வேறாக இருந்தது. ஆரம்ப கால எம்.ஜி.பி.யில் ஹீட்டர்கூட தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாதனம்! குளிர்நாட்டில் விற்ற காரில் ஹீட்டர் இல்லாமல் இருந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று பொருளல்ல.

சான்றிதழில் இல்லாத ஒன்று காரில் இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. எப்போது வந்தது என்பதுதான் இனி கேள்வி.

பொருளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்புறம் அழகுக்கு, பின்புறம் சாட்சிக்கு. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று அச்சாகியிருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. வெறும் ‘ஜெர்மனி’ என்றிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. அமெரிக்கப் பொருளின் லேபிளில் முகவரியோடு ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அது 1963-க்கு முந்தையது அல்ல. லண்டன் கடைகளின் தொலைபேசி எண்ணில் எக்ஸ்சேஞ்சின் பெயர் எழுத்தில் இருந்தால் பழசு. 1966-லிருந்து அங்கே எல்லாம் இலக்கங்களாக மாறத் தொடங்கின. பெட்டியில் பார் கோடு இருந்தால் 1974-க்கு முன்னால் போகவே வேண்டாம். அந்த ஆண்டு ஜூனில்தான் உலகின் முதல் பார் கோடு, ஒரு சூயிங் கம் பாக்கெட்டின் மேல், அமெரிக்கக் கடை ஒன்றில் ஸ்கேன் செய்யப்பட்டது.

அமெரிக்கக் காப்புரிமை எண் இன்னும் நல்ல சாட்சி. 30 லட்சமாவது எண் 1961 செப்டம்பரில் வழங்கப்பட்டது. 40 லட்சமாவது 1976 டிசம்பரில். ‘1965-ல் பொருத்தியது’ என்று சொல்லப்படும் கியர் நாப்பின் அடியில் 41 லட்சத்தில் ஒரு எண் இருந்தால், சொல்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று சொல்லாது. ஒரு அச்சை 1964-ல் வெட்டிய கம்பெனி, அதே அச்சில் 20 ஆண்டு வார்த்துத் தள்ளியிருக்கலாம். பழைய எண் இருப்பதால் மட்டும் பொருள் பழசாகிவிடாது. இந்த ஒரு தர்க்கத்தைப் புரிந்துகொள்ளாமல் காசைக் கோட்டை விட்டவர்கள் நிறைய.

அடுத்தது அந்த மர ஸ்டீயரிங். எம்.ஜி.பி.யோடு பிறந்தது மெல்லிய விளிம்பும் கம்பி ஆரங்களும் கொண்ட பெரிய சக்கரம். அதைக் கழற்றிவிட்டுச் சிறிய சக்கரம் போடுவது 1960-களின் மோகம். இங்கிலாந்தின் மோட்டோ-லிட்டா, இத்தாலியின் நார்டி, பந்தய ஓட்டுநர் லெஸ் லெஸ்டன் லண்டனில் நடத்திய கடையின் சக்கரங்கள் எல்லாம் அந்த மோகத்தின் பெயர்கள். சிக்கல் என்னவென்றால், மோட்டோ-லிட்டா இன்றும் அதே மாதிரிச் சக்கரங்களைச் செய்து விற்கிறது. அதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, நேர்மையான வியாபாரம். ஆனால் சென்ற ஆண்டு வாங்கிய சக்கரத்தை ‘காலத்துப் பொருள்’ என்று சொல்வது நேர்மையல்ல.

மரம் பொய் சொல்லாது. ஐம்பது அறுபது ஆண்டு கை பட்ட விளிம்பில் தேய்மானம் சீராக இருக்காது. வழக்கமாகக் கை வைக்கும் இடங்களில் வார்னிஷ் கரைந்திருக்கும், மற்ற இடங்களில் மஞ்சளித்து நுண்ணிய வெடிப்போடு இருக்கும். திறந்த கார் என்பதால் வெயில் விழுந்த மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட வெளுத்திருக்கும். சுற்றிலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் கைவண்ணம். சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் நடுத் துண்டைக் கழற்றிப் பாருங்கள். பல ஆண்டு கிரீஸும் தூசியும் இறுகிக் கிடக்கிறதா, அல்லது புத்தம் புது அலுமினியம் பல்லிளிக்கிறதா? சக்கரத்துக்கு வேஷம் போடுபவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் பாதி. ஒயர்கள் அங்கேதான் பேசும். லூகாஸ் கம்பெனியின் வண்ண முறை பிரிட்டிஷ் கார்களுக்கு இலக்கணம் மாதிரி. பழுப்பு நேரடியாக பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது, பச்சை ஃப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். அந்தக் காலத்து மெக்கானிக் ஒரு மேப் விளக்கைப் பொருத்தினால் பெரும்பாலும் அதே நிற ஒயரில், அதே குண்டு வடிவ இணைப்பில் சேர்த்திருப்பார். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி போட்ட நசுக்கு இணைப்புகள் இருந்தால் பிற்கால வேலை என்று ஊகிக்கலாம். ஊகம்தான். பழைய விளக்குக்குப் பின்னாளில் யாராவது புது ஒயர் இழுத்திருக்கவும் கூடும்.

ரேடியோ விஷயத்தில் எம்.ஜி.பி. ஓர் அருமையான தடயம் வைத்திருக்கிறது. 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் எர்த். அதன்பின் நெகடிவ். ஆகவே 1965 காரில் அந்தக் காலத்து ரேடியோ இருந்தால், அது பாசிடிவ் எர்த்துக்கானது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவை முனை மாற்றிக் கொடுத்தால் புகைந்துவிடும். நெகடிவ் எர்த்துக்கு மட்டும் உரிய ரேடியோ அந்தக் காரில் பாடிக்கொண்டிருந்தால், ஒன்று காரின் மின்சார அமைப்பைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அல்லது ரேடியோவின் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பழைய முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புது மின்னணுப் பலகை வைக்கும் கலை இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. பாட்டு கேட்கச் சௌகரியம்தான். சாட்சி சொல்ல உதவாது.

எட்டு டிராக் டேப் பிளேயர் இருந்தால்? ஃபோர்டு தன் கார்களில் அதைக் கொடுக்க ஆரம்பித்ததே 1965-ல்தான். கேசட் இன்னும் தாமதம்: பிலிப்ஸ் அறிமுகம் செய்தது 1963-ல் என்றாலும் கார்களுக்குள் நுழைந்தது 60-களின் கடைசியில். 1963 காரில் எட்டு டிராக் இருப்பது தவறல்ல. இரண்டாவது சொந்தக்காரரின் உபயமாக இருக்கலாம். கார் புதிதாக இருந்தபோதே அதில் இருந்தது என்று சொன்னால்தான் தவறு. ‘காலத்துப் பொருள்’ என்றால் எத்தனை ஆண்டுக்குள் என்று கேட்பார்கள். சட்டம் எதுவும் இல்லை. அந்தக் கார் தெருவில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த காலம் வரை என்பது என் கணக்கு. ஷோ ரூம் பொருளாக மாறிய பிறகு வாங்கியதெல்லாம் வேறு கதை.

பெரும் பணம் புழங்குவது ராலி கடிகாரங்களில். சுவிஸ் கம்பெனி ஹோயர், 1958-ல் மாஸ்டர் டைம் என்ற கடிகாரத்தையும் மான்டி கார்லோ என்ற ஸ்டாப் வாட்ச்சையும் ஒரே தகட்டில் ஜோடியாகப் பொருத்தும்படி விற்றது. அதன் பெயர் ராலி-மாஸ்டர். ஸ்வீடனின் ஹால்டா ஸ்பீட்பைலட், நிர்ணயித்த சராசரி வேகத்தில் கார் போகிறதா என்று ஓட்டுநருக்குக் காட்டும் கருவி. இரண்டுமே இன்று சேகரிப்பாளர்களின் கண்மணிகள். இரண்டையும் சோதிக்கும் விதம் நேர் எதிர்.

ஹால்டாவுக்குத் தூரம் தெரிய வேண்டும். தூரம் ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து ஒரு கிளைப் பெட்டி வழியாக வருகிறது. காருக்குத் தகுந்தபடி உள்ளே பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். எனவே டாஷ்போர்டில் ஹால்டா கம்பீரமாக உட்கார்ந்திருக்க, பின்னால் கேபிள் எதுவும் போகவில்லை என்றால், அது நாடகத்து ராஜாவின் வாள். கிளைப் பெட்டியும் கேபிளும் இருந்து, கேபிள் தகடு வழியாகப் போகும் ஓட்டை பழைய பெயின்டும் துருவுமாக இருந்தால், அந்தக் கார் ராலி ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. ஹோயரோ சாவி கொடுத்து ஓடுவது. ஒயர் வேண்டாம், கேபிள் வேண்டாம், நான்கு ஸ்குரூ போதும். எந்தக் காரில் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம் என்பதால்தான் அதை நம்புவது கடினம். அந்தக் காலத்து போட்டோ ஒன்றில் அதே கார், அதே இடத்தில் அதே கடிகாரம் என்று காட்டினாலொழிய, கடிகாரத்துக்கு ஒரு விலை, காருக்கு ஒரு விலை என்று பிரித்தே பேச வேண்டும். இந்தக் காலத்து முகப்புகள் இருட்டில் ஒளிரப் பயன்பட்ட பூச்சில் ரேடியம் இருந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளிர்வது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறந்து சுரண்டிப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது.

விலை குறைந்த பொருட்களில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம். அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.களில் சிகாகோவின் ஏர்கைடு திசைகாட்டி, ஆம்கோ கம்பெனியின் கை வைக்கும் பெட்டி என்று கிடைக்கும். 1964-ல் மினி கூப்பரில் மான்டி கார்லோ ராலியை வென்ற பேடி ஹாப்கர்க் தன் பெயரிலேயே கார் சாதனங்கள் விற்றார். ராலி ஜெயிக்காதவர்களும் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். காங்கோல் என்ற பெயர் பொறித்த சீட் பெல்ட் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தொப்பி செய்யும் அதே காங்கோல்தான். பெல்ட் தனியே வாங்கிப் பொருத்தும் பொருளாக இருந்த காலத்தில் அவர்களும் அதைச் செய்தார்கள். பிரிட்டனில் முன் சீட்டில் பெல்ட் அணிவது கட்டாயமானதே 1983-ல். பழைய பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் தர நிர்ணய எண் இருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். லேபிளைப் படியுங்கள். ஆனால் அந்தப் பெல்ட்டை நம்பி உயிரை ஒப்படைக்காதீர்கள். அறுபது ஆண்டு வெயில் குடித்த நாடா அது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியது மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

டாஷ்போர்டில் ஒட்டிய செயின்ட் கிறிஸ்டோபர் வில்லையையும் பலர் பிய்த்துவிடுகிறார்கள். பயணிகளின் காவலர் என்று நம்பப்படும் புனிதர். 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொதுக் காலண்டரிலிருந்து அவரது திருநாளை எடுத்துவிட்டது. கார்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்பாசடர் டாஷ்போர்டில் பிள்ளையாரையும் பக்கத்திலேயே குட்டி மின்விசிறியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல. அந்த விசிறி எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அது இல்லாத அம்பாசடரில் மே மாதம் போனவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவாவும் 2012-ல் ஏற்ற டூரின் சாசனத்தில், காரின் வாழ்க்கையில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதி என்ற திசையிலேயே பேசுகிறது. புதுப்பிக்கும் பட்டறைகளுக்கு இந்தச் செய்தி முழுதாகப் போய்ச் சேரவில்லை. பழைய சாதனத்தைக் கழற்றியதும் அவர்கள் செய்கிற முதல் வேலை, அது இருந்த ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடிப்பது. திருகு இருந்த இடம், அதைச் சுற்றி வெயில் படாமல் நிறம் மங்காத வட்டம், உள்பக்கம் ஒயர் உரசிய கோடு எல்லாம் ஒரு பிற்பகலில் போய்விடும். காரைப் பட்டறைக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டாஷ்போர்டை முன்னாலும் பின்னாலும், ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் சொந்த ஸ்குரூக்களோடு தனித் தனிக் கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று மேலே எழுதுங்கள். ஸ்குரூ தலையில் சாதாரணக் கூட்டல் குறியா, அல்லது நடுவே மெல்லிய நான்கு கோடுகள் ஓடும் போசிடிரைவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னது 1960-களில்தான் வந்தது. பட்டறை மேஸ்திரி ‘இதெல்லாம் எதுக்கு சார்?’ என்று கேட்பார். கவரை அவரிடம் கொடுக்காமல் நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.